நாரிப்பிடிப்பும் நான் வைத்த நேர்த்தியும்

என் கணவருக்கு நாரி பிடித்தது ஒரு தும்மலால். இதை நான் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. "மிசின் தூக்கினதாலை" என்றுதான் இன்றைக்கும் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மையில் அந்த இறைப்பு மிசினைத் தனியாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்துக் கிணற்றடியில் வைக்கும்வரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து ஒரு கை பிடிப்பார், பத்து நிமிடம் பொறுங்கோ என்று நான் சொன்னேன். பொறுக்கிற பிறவியா அது? தூக்கினார், வைத்தார், வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். எல்லாம் முடிந்து கால் கழுவக் குனிந்தபோது ஒரு தும்மல் வந்தது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

இடுப்பின் பின்பக்கத்தைத்தான் நாங்கள் நாரி என்போம். பண்டத்தரிப்புப் பக்கத்துத் தோட்டக்காரர் வீடுகளில் நாரிப்பிடிப்பு வராத வீடு இல்லை. வரும், மூன்று நாள் முனகுவார்கள், எண்ணெய் பூசுவார்கள், நாலாம் நாள் மண்வெட்டியோடு போய்விடுவார்கள். இவருக்கு நாலாம் நாள் கட்டிலில் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. அறுபத்து நான்கு வயது மனுசன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இளம் டொக்டர், நல்ல பிள்ளை, நின்று நிதானமாகத்தான் சொன்னார்.

"முறிவு ஒண்டும் இல்லை அம்மா. இந்த வயசிலை எல்லாருக்கும் இருக்கிற தேய்வுதான். கொஞ்ச நாளைக்குக் குளிசை போடட்டும். ரெண்டு நாள் ஆறுதலாய் இருந்திட்டு மெல்ல மெல்ல நடக்கவேணும். படுத்துக் கிடக்க விடாதேங்கோ."

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். சொன்னதை வடிவாகக் கேட்கவில்லை என்று எத்தனை பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிற்பாட்டியிருப்பேன். அந்த டொக்டர் சொன்ன அத்தனை சொற்களிலும் என் காதில் விழுந்தவை இரண்டே இரண்டு: தேய்வு, ஆறுதல். மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் ஆட்சி தொடங்கியது. மெத்தையை எடுத்துவிட்டுப் பலகைக் கட்டிலை விறாந்தைக்குக் கொண்டுவந்து போட்டேன். குனியக்கூடாது, நிமிரக்கூடாது, தனியாக எழும்பக்கூடாது. எழும்பவேண்டுமென்றால் என்னைக் கூப்பிடவேண்டும். நான் இரண்டு கமக்கட்டுக்குள்ளும் கையைக் கொடுத்து இழுத்து நிமிர்த்துவேன். அவர் "ஐயோ, மெல்ல" என்று கத்துவார். சாப்பாட்டைக் குழைத்து ஊட்டினேன். சவரம் செய்துவிட்டேன். தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் நான் கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மனுசன் தானாக எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்திருக்கிறார். வந்து கண்டேன். அன்றைக்கு அவர் வாங்கிய பேச்சு இருக்கிறதே, அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு, முழுதாய்ப் பதினாலு நாள், அவர் தானாகக் காலைத் தரையில் வைக்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

இதற்குள் வருத்தம் பார்க்க வருகிறவர்கள். எங்கள் ஊரில் ஒரு ஆள் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காமல் விடமாட்டார்கள். விசுக்கோத்துப் பெட்டி, மால்ட் பைக்கற், தோடம்பழம் என்று கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையைத் தொடங்குவார்கள். ஒருவருடைய மைத்துனர் இப்படித்தான் படுத்தாராம், பிறகு எழும்பவே இல்லையாம். இன்னொருவருடைய சித்தப்பாவுக்கு முள்ளந்தண்டில் தட்டு விலகிக் கால் இரண்டும் சூம்பிப்போயிற்றாம். அன்பில் சொல்கிற கதைகள்தான், ஒருவருடைய மனதிலும் கெடுதல் இல்லை. இவர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். வந்தவர்கள் போனபிறகு, "இஞ்சேர், என்ரை காலைப் பாரும், மெலிஞ்சிட்டுதோ?" என்பார். ஆறு கிழமை கிடந்தால் காட்டுப்பன்றிக்கும் கால் மெலியும். ஆனால் அன்றைக்கு நானும் இரண்டு காலையும் கையால் பிடித்து அளந்து பார்த்தேன்.

அளவெட்டிப் பக்கத்திலிருந்து முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாரையும் கூப்பிட்டேன். அவர் நாரியைத் தடவிப் பார்த்துவிட்டு, "முறிவும் இல்லை, நெரிவும் இல்லை. எண்ணெய் தாறன். ஆனால் ஆளை எழுப்பி நடக்க விடுங்கோ தங்கச்சி" என்றார். அவரும் அதையேதான் சொன்னார். எண்ணெயை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கதிரை. கக்கூசுக்கு அவரைத் தாங்கிக்கொண்டு போய் வருவது எனக்குச் சிரமமாக இருந்தது. நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் நடுவில் ஓட்டை வைத்த கொமட் கதிரை ஒன்று சும்மா கிடந்தது. அந்த வீட்டு ஆச்சி கடைசி வருடம் முழுக்க அதில்தான் இருந்தவ, முந்தின மாதம்தான் செத்தவ. அவர்கள் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்துத் தந்தார்கள். நான் பெரிய கெட்டித்தனம் செய்தவள்போல அதைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மனுசி படுகிற பாட்டுக்கு ஒரு நன்றி இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அன்றைக்குப் பின்னேரம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நின்று அழுதேன். வீட்டில் அழமுடியாது, அவருக்குக் கேட்கும். கோயிலில் அழுகிற பெண்ணை ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அழுகையோடு அழுகையாய் ஒரு நேர்த்தியும் வைத்துவிட்டேன். "அப்பனே, இந்த மனுசனை எழுப்பி நடக்க வைச்சுத் தா. உன்ரை தேருக்கு அவரைக் கொண்டு வெளிவீதியிலை பிரதட்டை செய்விக்கிறன்."

பிரதட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேர் அன்றைக்குக் காலையில் ஆண்கள் ஈர வேட்டியோடு கோயில் வீதி மணலில் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டித் தேங்காய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கோயிலைச் சுற்றி முழுவதும் உருண்டு வருவார்கள். கல்லும் மணலும் முதுகைக் கீறும். திடகாத்திரமான இளந்தாரிகளே முடிவில் தள்ளாடுவார்கள். அதைத்தான் நான் நாரி பிடித்துக் கிடக்கிற மனுசனுக்கு நேர்ந்துவிட்டு வந்தேன். அர்ச்சனை நேர்ந்திருக்கலாம், மோதகம் நேர்ந்திருக்கலாம். அந்த நேரம் புத்தி எங்கே போனதோ. பெரிய வருத்தத்துக்குப் பெரிய நேர்த்தி என்று மனதில் பட்டது, வாயில் வந்தது, வைத்தாயிற்று. சாமிக்குச் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியுமா?

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து என் தங்கச்சி போன் எடுத்தாள். மகள் மூன்று கிழமை லீவில் வருகிறாளாம், அவளிடம் அத்தானைக் காட்டட்டுமாம். அந்தப் பிள்ளை என்ன வேலை செய்கிறாள் என்பது எங்கள் சொந்தத்துக்குள் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒஸ்டியோபதி என்பார்கள். சிலர் எலும்பு டொக்டர் என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள், சிலர் உரஞ்சிவிடுகிற வேலை என்று வாயைச் சுளித்தார்கள்.

"அவள் உங்கை நீங்கள் டொக்டர் எண்டு சொல்லுற டொக்டர் இல்லை அக்கா. கையாலை வைத்தியம் செய்யிறவள். தசை, மூட்டு, முள்ளந்தண்டு எல்லாம் தொட்டுப் பாத்து, இறுகினதை இளக்கிவிடுறது. நாலு வருசம் யூனிவேர்சிற்றியிலை படிச்சவள்."

"கையை வைக்கிறதுக்கு நாலு வருசமோ?" என்றேன். "இஞ்சை ஒருத்தரும் என்ரை மனுசன்ரை நாரியிலை ஏறி விளையாடத் தேவையில்லை. சலூனிலை கழுத்து நெட்டி முறிக்கிற மாதிரி முறிச்சு விட்டாளெண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

தங்கச்சி கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். ஆனால் பிள்ளை வந்தாள். முப்பத்திரண்டு வயது, சின்ன உருவம், கையில் சொக்கிளேற் பை. மருதனார்மடச் சந்தியில் இறங்கிச் சந்தைக்குள் போய்த் தானே பேரம் பேசி வாங்கிய கப்பல் வாழைப்பழச் சீப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியப்பாவைப் பார்த்ததும் அவளுடைய முகம் மாறியதைக் கண்டேன். கட்டில், கதிரை, தலைமாட்டில் குளிசைகள், கால்மாட்டில் விசுக்கோத்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். முதலில் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாய் வாசித்தாள்.

பிறகு கேள்விகள். எத்தனை கேள்வி! காய்ச்சல் வந்ததோ? நிறை குறைந்ததோ? கால் விறைக்கிறதோ, பெலன் குறைந்திருக்கிறதோ?

"சலம் போறது தெரியுதோ பெரியப்பா? அடக்கேலாமல் போகுதோ? இருக்கிற இடம் மரத்துப்போன மாதிரி ஏதும்?"

லண்டனுக்குப் போகுமுன் தூக்கி வளர்த்த பிள்ளை அதையெல்லாம் கேட்க, மனுசன் வெட்கத்தில் முகட்டைப் பார்த்துக்கொண்டு, "இல்லைப் பிள்ளை, அதெல்லாம் ஒழுங்காய் நடக்குது" என்றார்.

"இதிலை ஒண்டுக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தாலும் நான் கை வைச்சிருக்கமாட்டன் பெரியம்மா" என்று அவள் என்னிடம் சொன்னாள். "நேரை ஆஸ்பத்திரிக்குத்தான் விட்டிருப்பன். இப்ப பெரியப்பாவை எழுப்பிக் காட்டுங்கோ, எப்பிடி எழும்புறவர் எண்டு பாப்பம்."

நான் வழக்கம்போலக் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். அவர் வழக்கம்போலக் கத்தினார். பிள்ளை அதைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியிலை நில்லுங்கோவன்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. என் வீடு, என் மனுசன், நேற்று வந்தவள் என்னை வெளியே போகச் சொல்கிறாள். "என்ன, நான் நிண்டால் உன்ரை வைத்தியம் பலிக்காதோ?" என்று கேட்டேன். "அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ" என்று சிரித்தாள். அடுப்படிக்குப் போனேன். போனேனே தவிர, அடுப்படி யன்னலுக்கு விறாந்தை நன்றாகத் தெரியும்.

நெட்டி முறிக்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலுக்கு இடையில் தலையணை ஒன்றைக் கொடுத்து, ஒரு கையை நாரியிலும் மற்றக் கையை விலாவிலும் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இதென்ன கூத்து, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் உற்றுப் பார்த்தபிறகுதான் அந்தக் கை சும்மா இல்லை என்பது தெரிந்தது. அவருடைய மூச்சோடு அதுவும் மெல்ல ஏறி இறங்கியது. இடுப்பு மூட்டை மெதுவாக மடக்கினாள், நீட்டினாள். தொடையின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தாள். நடு நடுவே "நோகுதோ? சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்" என்றாள்.

"நோகிற இடம் நாரிதான் பெரியப்பா. ஆனால் நீங்கள் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிற இடம் நெஞ்சும் இடுப்பும். மூச்சைப் பாருங்கோ, அரைவாசிதான் விடுறியள். என்னத்துக்குப் பயப்பிடுறியள்?"

அவர் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"உன்ரை பெரியம்மா அந்தக் கதிரையைக் கொண்டு வந்து வைச்சவ பிள்ளை. அண்டைக்கே என்ரை கதை முடிஞ்சுது எண்டு விளங்கியிட்டுது. அவவுக்கு டொக்டர்மார் ஏதோ சொல்லியிருக்கினம், எனக்கு மறைக்கிறா. அவ ஒருத்தரிட்டையும் கதிரை இரவல் வாங்கிற ஆளில்லை. சாகிற ஆளுக்குத்தான் வாங்கியிருப்பா."

கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றேன். இத்தனை நாளும் அந்த மனுசன் அங்கே கிடந்து தன் சாவை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் இங்கே நின்று அவருக்குப் பருப்பு அவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. கொட்ட ஒரு ஆளும் இல்லை, நானே செய்த வேலை.

"தேய்வு எண்டு எழுதியிருக்கினம், அதுதான்" என்றாள் பிள்ளை. "தலைமயிர் நரைக்கிற மாதிரித்தான் அதுவும். நோவே இல்லாத ஆளைப் படம் எடுத்தாலும் உங்கடை வயசிலை இருக்கும். உங்கடை நாரி பழுதாகேல்லை பெரியப்பா. சுளுக்கின சதை, அது எப்பவோ ஆறியிட்டுது. இப்ப மிச்சம் இருக்கிறது படுத்துக் கிடந்த நோவும் பயமும்."

கொஞ்ச நேரத்தில் அவர் குறட்டை விட்ட சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் ஆறு கிழமையாய்க் கேட்கவில்லை.

அன்றைக்கே கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சொந்தக்காரர் வீட்டில் விட்டேன். திரும்பி வந்து கட்டிலடியில் நின்று, "இஞ்சேருங்கோ, ஒருத்தரும் ஒண்டும் எனக்குச் சொல்லேல்லை. நான் ஒண்டையும் மறைக்கேல்லை. என்ரை பிழை" என்றேன். கலியாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. எங்கே திருப்பிச் சொல்லச் சொல்வாரோ என்று பயந்தேன். அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் பிள்ளை அவரை எழும்பப் பழக்கினாள். நேராக எழும்பாமல், முதலில் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, உள்ளங்கையை ஊன்றித் தள்ளி எழும்புவது. நான் ஓடிப்போய்க் கை கொடுக்க, "பெரியம்மா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். பள்ளிக்கூடத்தில் என் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். கையை எடுத்தேன். அவர் நடுங்கி நடுங்கி, வேர்த்து விறுவிறுத்துத் தானாக எழும்பி நின்றார். நின்றுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் போகாமல் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் வளவின் வாசற்படலைவரை. பிறகு தெருமுனைவரை. பத்து நாளில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீர் கட்டினது சரியில்லை என்று குறை சொல்லிவிட்டு வந்தார். அவர் குறை சொல்லத் தொடங்கினால் சுகமாகிறார் என்று அர்த்தம். நோவு முழுக்கப் போகவில்லை, காலையில் கொஞ்சம் பிடித்தது. "பிடிக்கும். பிடிச்சால் பயப்பிடாதேங்கோ, நடவுங்கோ" என்றாள். அவள் எல்லாமாக நாலு தரமோ ஐந்து தரமோதான் அவர்மேல் கை வைத்தாள். மற்ற நாளெல்லாம் நடத்தல், குனிதல், மூச்சு விடுதல்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தேருக்கு இன்னும் எத்தினை நாள்?" என்று அவர் சும்மா கேட்டார். இனி மறைக்க முடியாது என்று நேர்த்திக் கதையைச் சொன்னேன்.

"என்ரை நாரிக்கு என்னையே உருட்டுறன் எண்டு நேர்ந்தனீரோ? உமக்கென்ன விசரே?" என்று கத்தினார். "உமக்கு உருளத் தெரியாதோ? ஆம்பிளை வேணுமெண்டால் உம்மடை தம்பியை உருட்டுறதுதானே!"

பிள்ளை சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரைக்கேறி, நான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "சாமி கோவிப்பாரோ, செய்யாட்டில்?"

ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் பெருந்தன்மையான மனுசர். வருத்தக்காரரைப் பிள்ளையார் உருளச் சொல்லமாட்டார், வருகிற வருடம் செய்யலாம், இல்லாவிட்டால் வேறு ஒரு நேர்த்தியாய் மாற்றிக்கொள்ளலாம் என்றார். எனக்கு நிம்மதி. வந்து சொன்னேன். அடுத்த நாள் காலையில் இவர் எழும்பி வந்து சொல்கிறார்: "நான் செய்யிறன்."

"வேண்டாமப்பா, ஐயரே சொல்லியிட்டார்" என்றேன்.

"ஐயர் சொன்னதை விடும். நேர்ந்தனீர் தானே? நான் எழும்புவன் எண்டு நம்பித்தானே நேர்ந்தனீர்? கதிரையைக் கொண்டு வந்த அண்டைக்கு என்னைச் சாகக் குடுத்திட்டீர் எண்டெல்லோ நான் நினைச்சன். அண்டைக்குத்தானே போய் நேர்ந்தும் இருக்கிறீர். அப்ப செய்யத்தான் வேணும்."

பிள்ளைமேல் எனக்கு நம்பிக்கை இருந்தது, அவளாவது தடுப்பாள் என்று. அவளோ பெரியப்பாவை நிற்க வைத்து, குனிய வைத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அதுக்கே பழகுவம்" என்கிறாள். பாயை விரித்தாள். லண்டனில் படித்த பெட்டை எங்கள் விறாந்தையில் படுத்துத் தானே உருண்டு காட்டினாள். நாரியை முறுக்காமல் தோளும் இடுப்பும் ஒன்றாய்த் திரும்பவேண்டும், திரும்பும்போது மூச்சை விடவேண்டும். "கட்டை உருளுற மாதிரி, பெரியப்பா." கட்டை உருண்டது. நானும் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒவ்வொரு உருட்டலுக்கும் என் நாரியில்தான் நொந்தது.

போவதற்கு முந்தின நாள் பிள்ளை என்னையும் பிடித்து இருத்தினாள். "ஒண்டரை மாசமாய்ப் பெரியப்பாவை இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்து வைச்சிருக்கிறியள். தேங்காய் திருவேக்கை முகத்தைச் சுளிக்கிறியள், நான் பாத்தனான்." எனக்கு ஒன்றுமில்லை என்றேன். கேட்கவில்லை. என் தோள்மூட்டில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கை சூடாய் இருந்தது. என்னுடைய உடம்பை ஒருவர் அப்படி ஆறுதலாய்த் தொட்டு எத்தனை காலம் என்று நினைத்தேனோ இல்லையோ, கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. தோளைச் சுழற்ற நாலு பயிற்சி எழுதித் தந்துவிட்டு, லீவு முடிந்து போய்விட்டாள்.

தேர் அன்று விடிந்தது. இவர் கிணற்றில் தோய்ந்துவிட்டு ஈர வேட்டியோடு கோயில் வாசலில் நின்றார். அளவெட்டி நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வீதி நிறையச் சனம். வருத்தம் பார்க்க வந்த அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். "இந்த மனுசனையோ உருள விடுறியள்? உங்களுக்கென்ன ரீச்சர், மனச்சாட்சி இல்லையோ?" என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தேர் நின்றிருக்கும்.

தேங்காயைப் பிடித்துக்கொண்டு மணலில் படுத்தார். உருண்டார். உருளுகிறவருக்குப் பின்னால் பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டுக்கொண்டு போவது வழக்கம். நானும் அப்படியே அவருக்குப் பின்னால் போனேன். கும்பிட்டேன் என்று சொல்லமாட்டேன். என் கண் முழுக்க அவருடைய நாரியில்தான் இருந்தது. கிழக்கு வீதி போயிற்று. தெற்கு வீதி போயிற்று. மேற்கு வீதியில் மணல் குறைவு, கல் அதிகம். முதுகில் சிவப்புச் சிவப்பாய்க் கீறல் தெரிந்தது. அதையும் கடந்தார். வடக்கு வீதியில் திரும்பிப் பாதித் தூரம் போனவர், மல்லாந்து கிடந்தபடி நின்றுவிட்டார். கண் மூடியிருந்தது. தேங்காய் கையிலிருந்து உருண்டு போயிற்று.

"பிடிச்சுப்போட்டுது! நாரி பிடிச்சுப்போட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். சனம் குவிந்தது. ஒருவர் காலைப் பிடித்தார், இன்னொருவர் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்தார். "ஆட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றது ஒரு குரல். நான் எப்படி அவருடைய தலைமாட்டுக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. என் கை இரண்டும் நீண்டுவிட்டன. அவர் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அந்தப் பார்வை கதிரையைப் பார்த்த அதே பார்வை.

"விடுங்கோ அவரை!" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் நிறுத்தினார்கள் என்று பிறகு சொன்னார்கள். "ஒருத்தரும் தொடவேண்டாம். எல்லாரும் தள்ளுங்கோ. அவர் எழும்புவார்."

சனம் விலகியது. அவர் பக்கவாட்டில் திரும்பினார். முழங்காலை மடக்கினார். உள்ளங்கையை மணலில் ஊன்றித் தள்ளினார். ஒருமுறை சறுக்கினார். நான் அசையவில்லை. திரும்ப ஊன்றினார். எழும்பி இருந்தார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நாரியோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா, தலை சுத்துது. இவ்வளவு தூரம் உருண்டால் ஆருக்குத்தான் சுத்தாது?" என்றார். பிறகு ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போலக் கையைப் பின்னால் கொண்டுபோய் நாரியைத் தடவிப் பார்த்தார். "நாரியை நான் மறந்தே போனன்."

அத்தனை சனத்துக்கு நடுவில், தேர் வீதியில், வாய்விட்டு அழுதேன். முப்பது வருடம் படிப்பித்த பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே நின்றிருப்பார்கள். நின்றுவிட்டுப் போகட்டும். அவர் மணலில் இருந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். முகமெல்லாம் புழுதி. யாரோ எடுத்துக் கொடுத்த தேங்காயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அழாதையும். மிச்சத்தையும் உருண்டு முடிக்கவேணும், நீர் பாதையிலை நிக்கிறீர். கொஞ்சம் தள்ளி நில்லும்."

நான் தள்ளி நின்றேன்.